வேலைக்காகப் படித்தேன், கிரெடிட் பூஜ்யம் என்கிறது: சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் இலவச வரி உதவி மேசை போடுவோம். அமெரிக்க வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்ய முயன்று, பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் மடிக்கணினியோடு வருவார்கள். அவர்களில் சிலர் கேட்கும் கேள்வி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை: "வேலைக்காகத்தானே அந்தக் கோர்ஸ் படித்தேன்? பிறகு ஏன் கல்விக் கிரெடிட் கிடைக்கவில்லை?"

கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. வேலைக்காகப் படித்தீர்களா என்பதை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் கடைசியில்தான் பார்க்கும். எங்கே படித்தீர்கள், யார் பணம் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்பதுதான் முதலில் வரும். இந்த மூன்றில் ஒன்று இடறினாலும் வரி மென்பொருள் பூஜ்யம் காட்டும். ஏன் என்று மட்டும் சொல்லாது.

கிரெடிட் என்பது கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை. இங்கே பேசப்போவது பெரும்பாலும் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டைப் பற்றி. தகுதியான கட்டணத்தில் 10,000 டாலர் வரை எடுத்துக்கொண்டு அதில் 20 சதவீதம், அதாவது தாக்கல் செய்யும் ஒரு வரிக் கணக்குக்கு (ரிட்டர்னுக்கு) அதிகபட்சம் 2,000 டாலர். ஆளுக்கு 2,000 அல்ல. கணவன் மனைவி இருவரும் படித்திருந்தாலும் கூட்டு ரிட்டர்னுக்கு மொத்தம் அவ்வளவுதான். பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. வேலைத் திறனைப் பெறவோ வளர்த்துக்கொள்ளவோ ஒரே ஒரு வகுப்பு எடுத்திருந்தாலும் போதும். எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் கோரலாம். இன்னொரு கிரெடிட்டான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி 2,500 டாலர் வரை தரும். ஆனால் அது பட்டம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழுக்காக, குறைந்தது அரைநேர மாணவராகப் படிப்பவருக்கு, கல்லூரிப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கமாட்டார்கள். ஒரே மாணவருக்கு ஒரே ஆண்டில் இரண்டையும் கோர முடியாது.

அறிகுறி: எல்லா விவரங்களையும் கொடுத்தேன், கிரெடிட் பூஜ்யம்

நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். வகுப்பை நடத்துவது 'தகுதியுள்ள கல்வி நிறுவனமாக' இருக்க வேண்டும். மத்தியக் கல்வித் துறையின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கத் தகுதி பெற்ற நிறுவனம் என்பது அதன் பொருள். கம்யூனிட்டி கல்லூரிகள், அரசுப் பல்கலைக்கழகங்கள், அங்கீகாரம் பெற்ற பல தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் இதில் வரும். பன்னிரண்டு வாரத்தில் நிரல் எழுதக் கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி முகாம்களில் பெரும்பாலானவை வராது. சான்றிதழ் தேர்வுக்குத் தயார்படுத்தும் தனியார் இணையத் தளங்களுக்கும் இதே கதிதான். பாடம் எவ்வளவு தரமானது, அதனால் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. கல்வித் துறை வைத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். டாபிப் என்ற சுருக்கப் பெயரில் அது கிடைக்கும். இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "மத்திய மாணவர் நிதியுதவிக்கான உங்கள் ஸ்கூல் கோடு என்ன?" என்று கேளுங்கள். தகுதியுள்ள இடமென்றால் எதிர்முனையில் இருப்பவர் எண்ணைச் சொல்லிவிடுவார். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்போல் பேசினால் உங்கள் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

குழப்பம் தருவது நடுவில் நிற்கும் ரகம். பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் விளம்பரத்தில் இருக்கும். பாடம் நடத்துவதும் பணம் வாங்குவதும் வேறொரு நிறுவனம். இதில் ஊகத்துக்கு இடமே வேண்டாம். பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவைக் கேளுங்கள்: நான் உங்கள் மாணவராகப் பதிவாகியிருக்கிறேனா, நான் கட்டியது உங்களுக்குக் கட்டிய கட்டணமாகுமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தில் பிழை இல்லையென்றால் அடுத்தது வருமானம். தனிநபருக்கு, திருத்திய மொத்த வருமானம் 80,000 டாலரைத் தாண்டும்போது கிரெடிட் கரையத் தொடங்கி 90,000இல் காணாமல் போகும். கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு அதே கரைசல் 160,000இலிருந்து 180,000 வரை. இந்த வரம்புகள் பணவீக்கத்தோடு உயர்வதில்லை. அதனால் சென்ற ஆண்டு கிடைத்தவருக்கு இந்த ஆண்டு ஒரு சம்பள உயர்விலேயே பறிபோகும்.

கணக்கை, கல்விக் கிரெடிட் கோரும் 8863 படிவத்தின் இரண்டாம் பகுதியில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. தனிநபர் ஒருவர், வருமானம் 86,000, கட்டிய கட்டணம் 4,500 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் 900. 90,000இலிருந்து 86,000ஐக் கழித்தால் 4,000. அதை 10,000ஆல் வகுத்தால் 0.4. ஆக 900இல் 0.4 பங்கு, 360 டாலர். மென்பொருள் 360 என்றால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது. அதே மனிதர் தகுதியுள்ள மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்து, எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் அந்த ஆண்டுக்காகத் தன் கையிலிருந்து 2,000 டாலர் போட்டால் அது கழிந்து வருமானம் 84,000 ஆகும், பங்கு 0.6 ஆகும், கிரெடிட் 540 ஆகும். முந்தைய ஆண்டுக்கான எச்எஸ்ஏ பணத்தை ஏப்ரல் கெடுவுக்குள் போடலாம் என்பதால், ரிட்டர்னைத் திறந்து வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். முடிந்துபோன வரியாண்டைத் திரும்பிப் போய்ச் சரிசெய்யக் கிடைக்கும் மிகச் சில வாய்ப்புகளில் இது ஒன்று.

வருமானமும் வரம்புக்குள் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வரியைப் பாருங்கள். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் வரியைப் பூஜ்யம்வரை இறக்கும், அதற்குக் கீழே போய்க் கையில் பணமாகத் தராது. வருமானத்திலிருந்து பொதுவாகக் கழிக்கப்படும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் வேறு கிரெடிட்களும் போன பிறகு வரியே இல்லையென்றால் இதற்கு இறங்க இடமில்லை. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவும் முடியாது.

இன்னும் பூஜ்யமா? கேள்வி பதில் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு டிக்குகளைப் பாருங்கள். 'வேறொருவர் என்னைச் சார்ந்திருப்பவராகக் காட்டலாம்' என்பதில் கை தவறி டிக் விழுந்திருக்கும். அல்லது திருமணமானவர், தனித்தனியாகத் தாக்கல் என்று தேர்ந்திருப்பீர்கள். அந்த நிலையில் இரண்டு கல்விக் கிரெடிட்டும் கிடையாது. பெற்றோர் உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டினால், கட்டணத்தை நீங்களே கட்டியிருந்தாலும் அவர்கள் கட்டியதாகவே கருதப்படும். அவர்களது ரிட்டர்னில் கோரட்டும்.

அறிகுறி: 1098-டி வரவே இல்லை

இது என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் தொடர்கல்விப் பிரிவில் கணக்குப் பதிவியல் மென்பொருள் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கல்விப் புள்ளிகள் இல்லாத வகுப்பு. ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று, கட்டிய கட்டணத்தைக் காட்டிக் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவம் வரவில்லை. மாணவர் சேவை மேசையில் இருந்தவர், "1098-டி இல்லையென்றால் கிரெடிட் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நானும் நம்பி அந்த ஆண்டை விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் வரி சொல்லித்தருகிறவன்!

அவர் சொன்னது தவறு. கல்விப் புள்ளி இல்லாத வகுப்புகளுக்குக் கல்லூரி 1098-டி அனுப்ப வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தவில்லை. கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் அடங்கிய மாணவருக்கும், கட்டண ரசீது நேராக முதலாளிக்குப் போகும் ஏற்பாட்டில் படிப்பவருக்கும் அப்படித்தான். தொழில் சார்ந்த குறுகிய வகுப்புகளில் பெரும்பகுதி இந்த ஓட்டையில்தான் விழுகிறது. கல்லூரிக்கு அனுப்பும் கடமை இல்லாதபோது, படிவம் இல்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. நீங்கள் பதிவு செய்திருந்ததையும் பணம் கட்டியதையும் காட்ட முடிந்தால் போதும்.

படிவம் வந்திருக்க வேண்டிய வகுப்பு, ஆனால் ஜனவரி 31 தாண்டியும் வரவில்லை என்றால் முதலில் கல்லூரி இணையக் கணக்கில் தேடுங்கள்; பல இடங்களில் காகிதத்தில் அனுப்புவதில்லை. அங்கும் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், கேட்ட மின்னஞ்சலைச் சேமியுங்கள். கேட்டும் தராத நிலையிலும் கோரலாம். கேட்டதற்கு அத்தாட்சி அதுதான்.

மென்பொருளில் '1098-டி பெற்றீர்களா?' என்பதற்கு 'இல்லை' என்றதும் சில திட்டங்கள் கதவைச் சாத்திவிடும். அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். அடுத்த திரையில் 'விதிவிலக்குக்குத் தகுதி பெறுகிறேன்' என்பதுபோல் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் கேட்டுக்கொண்டு தொடரும். ஈஐஎன் என்ற வரி அடையாள எண்ணையும் கேட்கும். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டிக்கு அந்த எண் இல்லாமல் நகராது. எதற்கும் கல்லூரியின் கட்டணப் பிரிவில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பெயரும் வகுப்பும் தேதியும் தெரியும் பதிவுச் சீட்டு, கட்டண விவர அறிக்கை, பணம் போன வங்கி அல்லது கார்டு அறிக்கை. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். பட்டம் சாராத வகுப்பு வேலைத் திறனுக்கானது என்று காட்ட வேண்டிய இடத்தில் அது பேசும். சமையலும் புகைப்படக்கலையும் கல்லூரியில் பொழுதுபோக்கு வகுப்பாகவும் இருக்கும், தொழில் வகுப்பாகவும் இருக்கும். உணவகத்தில் வேலை பார்ப்பவருக்கு முதலாவது தொழில்தான்.

அறிகுறி: 1098-டியில் இருக்கும் தொகை நான் கட்டியதோடு ஒத்துப்போகவில்லை

முதல் கட்டத்தில் இருப்பது அந்தக் காலண்டர் ஆண்டில் கல்லூரி பெற்றுக்கொண்ட தொகை. செமஸ்டர் கணக்கு வேறு, காலண்டர் வேறு. டிசம்பர் 18இல் கட்டி வகுப்பு ஜனவரி 13இல் தொடங்கினால், பணம் கட்டிய ஆண்டிலேயே அது சேரும். ஏழாம் கட்டத்தில் டிக் இருக்கும். வகுப்பு நடந்த ஆண்டின் படிவத்தில் அந்தத் தொகை வராது. 'படித்த ஆண்டுக்கு ஒன்றுமே காட்டவில்லை' என்று பதறுகிறவர்களில் பாதிப்பேருக்கு முந்தைய ஆண்டுப் படிவம் மின்னஞ்சலில் திறக்காமல் கிடக்கும்.

அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும் வகுப்புகளுக்குத்தான் இந்த முன்கூட்டிய கட்டணச் சலுகை. டிசம்பரில் கட்டி ஏப்ரலில் வகுப்பு தொடங்கினால் அந்தப் பணம் இரு ஆண்டுகளுக்கும் நடுவில் விழுந்துவிடும். அப்படிப்பட்ட வகுப்பென்றால் ஜனவரி பிறந்த பிறகே கட்டுங்கள்.

கடன் வாங்கிப் படித்தீர்களா? கடன் பணத்தில் கட்டியதும் நீங்கள் கட்டியதுதான். கல்லூரி உங்கள் கணக்கில் வரவு வைத்த தேதியே கட்டிய தேதி. கடனை அடைக்கும் ஆண்டு இதில் வராது.

தொகையில் எதெல்லாம் அடங்காது என்பதையும் பாருங்கள். பஸ் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், மடிக்கணினி, மருத்துவக் காப்பீடு, வெளி அமைப்பு நடத்தும் உரிமத் தேர்வுக்கான கட்டணம் எதுவும் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டில் நிற்காது. புத்தகமும் கருவியும் கல்லூரிக்கே கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் மட்டும் சேரும். வெளிக்கடையில் வாங்கினால் சேராது.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிடக் கிரெடிட் அதிகமாக வருகிறது

இதைப் புகாராகக் கொண்டு யாரும் என் மேசைக்கு வந்ததில்லை. பிறகு ஐஆர்எஸ் கடிதத்தோடுதான் வருவார்கள்.

காரணம் பெரும்பாலும் முதலாளி கொடுத்த பணம். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கல்வி உதவியை முதலாளி வரியில்லாமல் தரலாம். ஆனால் 1098-டியின் முதல் கட்டத்துக்குப் பணம் யார் பையிலிருந்து வந்தது என்று தெரியாது. கட்டணம் 7,000, முதலாளி 5,250 திருப்பித் தந்தார் என்றால் படிவம் 7,000 என்றே காட்டும். அதை அப்படியே உள்ளிட்டால் கிரெடிட் 1,400 வரும். உண்மையில் உங்களுக்கு உரியது மிச்சமுள்ள 1,750இன் 20 சதவீதம், 350 டாலர். முதலாளியே 7,000ஐயும் கட்டி, 5,250க்கு மேற்பட்ட 1,750ஐ உங்கள் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வின் முதல் கட்டத்தில் சம்பளமாகச் சேர்த்திருந்தாலும் அதே 350 கிடைக்கும், அதற்கு வரி கட்டுவது நீங்கள்தானே. சம்பளத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால் ஒன்றும் கிடையாது. மனிதவளப் பிரிவில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ரிட்டர்னை அனுப்பாதீர்கள்.

529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து வரியில்லாமல் எடுத்த பணத்துக்கும் இதே விதி: ஒரே டாலருக்கு இரண்டு சலுகை கிடையாது. ரிட்டர்ன் அனுப்பிய பிறகு கல்லூரி கட்டணத்தைத் திருப்பித் தந்தால், கூடுதலாக வாங்கிய கிரெடிட்டைத் திரும்ப வரியாகக் கட்ட வேண்டும்.

அறிகுறி: 1098-டியில் ஐந்தாம் கட்டம் முதல் கட்டத்தைவிடப் பெரிது

ஐந்தாம் கட்டம் காட்டுவது உதவித்தொகையை. அது கட்டணத்தை விழுங்கிவிட்டது, அதனால் கோர ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வழி உண்டு. உதவித்தொகையின் விதிகள் அதைச் சாப்பாடு, தங்குமிடச் செலவுக்கும் பயன்படுத்த அனுமதித்தால், ஒரு பகுதியை வருமானமாகக் காட்டி அந்த அளவுக்குக் கட்டணத்தைக் கிரெடிட்டுக்காக விடுவிக்கலாம். ஐஆர்எஸின் 970ஆம் வெளியீடே இதை விளக்குகிறது. 20 சதவீதக் கிரெடிட்டுக்காக 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் இதைச் செய்தால் நட்டம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: விசாவில் இருக்கிறோம், மென்பொருள் தகுதியில்லை என்கிறது

நம்மவர்களுக்கு இது தனி அத்தியாயம். ஆண்டின் எந்தப் பகுதியிலாவது வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருந்திருந்தால், உள்நாட்டவராகக் கருதும்படி தேர்வு செய்துகொள்ளாதவரை கிரெடிட் இல்லை. எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவத்தைத் தாக்கல் செய்கிறார்கள். அவர்களுக்கு 1098-டி வந்தாலும் அது கோருவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. தெரியாமல் உள்நாட்டவருக்கான 1040இல் கோரி வாங்கிவிட்டவர்கள் திருத்திவிடுவதே நல்லது. பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பழைய ரிட்டர்ன்களைக் காட்டும்போது நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை.

எச்-1பி கணவர், எச்-4 மனைவி, மனைவிக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் ஐடிஐஎன் என்ற வரி எண் மட்டும், அவர் கம்யூனிட்டி கல்லூரியில் மருத்துவக் குறியீட்டு வகுப்பு படிக்கிறார் என்ற குடும்பங்கள் நிறைய. 2025ஆம் வரியாண்டு வரை ஐடிஐஎன்னோடும் இந்தக் கிரெடிட்டைக் கோர முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 2026ஆம் வரியாண்டிலிருந்து, கோருபவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதனால் பழைய ஆண்டுகள் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் கீழே உள்ள பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: போன ஆண்டு கோர மறந்துவிட்டேன்

ரிட்டர்னைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவத்தோடு நிரப்பிய 8863ஐச் சேர்த்து அனுப்புங்கள். முதல் ரிட்டர்னைத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகள், அல்லது வரி கட்டியதிலிருந்து இரண்டு ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. கெடுவுக்கு முன்பே தாக்கல் செய்திருந்தால் ஏப்ரல் கெடுவிலிருந்து எண்ணுங்கள். நான் கோட்டைவிட்ட அந்தக் கணக்குப் பதிவியல் வகுப்பை இப்படித்தான் மீட்டேன். 118 டாலர், ஆனால் காசோலை வந்த அன்று வீட்டில் இனிப்பு.

அறிகுறி: நிறுவனம் தகுதியில்லாதது, வேறு வழி உண்டா?

சம்பளக்காரர்களுக்கு வழி குறுகிவிட்டது. முதலாளி திருப்பித் தராத வேலைச் செலவுகளுக்கான டிடக்‌ஷன் 2018இல் நிறுத்தப்பட்டு, 2025 சட்டத்தில் நிரந்தரமாகவே மூடப்பட்டது. கட்டணத்துக்கென்று தனியாக இருந்த டிடக்‌ஷன் 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. பழைய வலைப்பக்கங்களை நம்பி அவற்றைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு நிலைமை வேறு. செய்துகொண்டிருக்கும் தொழிலின் திறனை வளர்க்கும் படிப்பென்றால், எங்கே படித்தாலும் சொந்தத் தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் செலவாகக் காட்டலாம். ஏற்கெனவே இணையதளம் வடிவமைத்துப் பிழைப்பவர் புதிய நிரல்மொழி கற்றால் சரி. அவரே வீடு விற்பனை உரிமத்துக்குப் படித்தால் அது புதிய தொழில், செல்லாது. ஆக 'வேலைக்காகப் படித்தேன்' என்ற வாதத்துக்கு உண்மையில் எடை இருக்கும் இடம் இதுதான்.

மற்றவர்கள் முதலாளியின் 5,250 டாலர் திட்டம் உண்டா என்று கேளுங்கள். அந்தச் சட்டப்பிரிவுக்குப் படிப்பு வேலையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. நிறுவனம் தன் பங்குக்கு வைத்திருக்கலாம். 2025 ஜூலைக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட சில தொழிற்சான்றிதழ்த் திட்டங்களுக்கு 529 பணத்தைப் பயன்படுத்தவும் கதவு திறந்திருக்கிறது.

அறிகுறி: ஐஆர்எஸிடமிருந்து கடிதம்

கடிதத்தில் உள்ள தேதிதான் முதல் விஷயம். அதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும். நீட்டி முழக்கி எழுதாதீர்கள். என்ன கேட்டிருக்கிறார்களோ அதற்கான தாள்களை மட்டும், கேட்ட வரிசையில் அடுக்குங்கள்: பதிவுச் சீட்டு, கட்டண அறிக்கை, வங்கி அறிக்கையில் அந்த ஒரு வரி அடிக்கோடிட்டு. ஒவ்வொரு தாளின் மேலும் பெயர், வரியாண்டு, கடித எண். எல்லாம் நகல், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். கோரியதில் ஒரு பகுதி தவறு என்று உங்களுக்கே தெரிந்தால் அதை முதல் தாளில் ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, சரியான தொகையோடு திருத்திய 8863ஐ அதன் கீழே வையுங்கள்.